புள்ளி விழாத வைக்கோல்

நெற்பயிரில் குலைநோயை உண்டாக்கும் பூஞ்சையோடு நான் நாலைந்து வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். அதைக் கொல்ல வேண்டும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. கொல்வதற்கு மருந்துக்கடைக்காரர்கள் இருக்கிறார்கள். அதன் கறுப்பு நிறத்தை மட்டும் உருவிவிட்டு, பிறகு அது என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. வீட்டில் இதைச் சொன்னபோது என் அம்மா, "கறுப்பா இருந்தா என்ன, செவப்பா இருந்தா என்ன, பொண்ணா பாக்கப் போறோம்?" என்றாள். உட்காரவைத்து வெகுநேரம் விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, சாப்பிட வா" என்றாள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியின் தாவரவியல் துறையில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். பெயருக்கு மாணவி, வயது முப்பதை நெருங்கிவிட்டது. வாயும் கொஞ்சம் நீளம். இரண்டையும் சொந்தக்காரர்கள் குறையாகச் சொல்வார்கள். எனக்கு இரண்டிலும் வருத்தம் இருந்ததில்லை.

பூஞ்சைக்குக் கறுப்பு எதற்கு என்று பலரும் கேட்பார்கள். அழகுக்கு அல்ல, வயிற்றுப்பாட்டுக்கு. காற்றில் வரும் வித்து நெல்லின் இலைமேல் விழுந்து, பனி ஈரத்தில் முளைத்து, முளையின் நுனியில் ஒரு சின்னக் குமிழைக் கட்டும். அந்தக் குமிழின் சுவரில் மெலனின் என்ற கறுப்புப் பூச்சு இருக்கும். பூச்சு சரியாக இருந்தால் உள்ளே நீர் ஏறி ஏறி அழுத்தம் கூடும். அந்த அழுத்தத்தில் ஒரு முள் புறப்பட்டு இலையைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். பூச்சு இல்லையென்றால் உள்ளிருப்பது கசிந்துவிடும், அழுத்தம் ஏறாது. ஓட்டை விழுந்த சைக்கிள் ட்யூபுக்கு எவ்வளவு காற்றடித்தாலும் அது நிமிர்ந்து நிற்குமா? நிறம் போன பூஞ்சை இலைமேல் உட்கார்ந்து முழிக்க வேண்டியதுதான்.

இந்தக் கறுப்பை அது ஒரே மூச்சில் செய்துவிடுவதில்லை. படிப்படியாகச் செய்கிறது. ஒவ்வொரு படிக்கும் ஒரு நொதி, அந்த நொதியைச் செய்ய ஒரு மரபணு. முதல் படியின் மரபணு கெட்டுப்போனால் எதுவுமே உண்டாகாது, பூஞ்சை வெள்ளையாக வளரும். நடுப்படி ஒன்று கெட்டால் பாதி வெந்த சரக்கு தேங்கி நிற்கும், பூஞ்சை சிவப்பாகவோ செம்பழுப்பாகவோ தெரியும். இப்படி மரபணு கெட்டு நிறம் மாறியதை நாங்கள் திரிபு என்போம், இங்கிலீஷில் மியூட்டன்ட். வெளிநாடுகளில் இதையெல்லாம் செய்து பார்த்திருந்தார்கள். தாமிரபரணித் தண்ணீர் பாயும் வயலில் பிடித்த பூஞ்சையில் யாரும் செய்து நான் கேள்விப்பட்டதில்லை. அதை நான் செய்யப் போகிறேன் என்று சொல்லித்தான் உதவித்தொகை வாங்கியிருந்தேன்.

அந்த உதவித்தொகை அடுத்த தை மாதத்தோடு முடிகிறது. அதற்குள் திரிபுகள் கையில் இருந்தால் ஆய்வேடு உண்டு, பட்டம் உண்டு, எங்காவது விரிவுரையாளர் வேலையும் உண்டு. இல்லையென்றால் பூசணம் வளர்த்துக் காலத்தைக் கழித்தவள் என்ற பெயரோடு வீட்டுக்குப் போக வேண்டும். எனக்கு அந்தப் பயம் இருந்தது. ஆனால் கிடைக்காமல் போகும் என்று நான் நம்பவே இல்லை.

பூஞ்சைக்குச் சோறு போடுவதுதான் எங்கள் ஆய்வகத்தில் பெரிய பாடு. உலகமெல்லாம் குலைநோய்ப் பூஞ்சையை ஓட்ஸ் கஞ்சியில் வளர்க்கிறார்கள். தெற்கு பஜாரில் ஒரே ஒரு கடையில் ஓட்ஸ் டப்பா வரும். நாங்கள் போவதற்குள் சர்க்கரை வியாதிக்காரர்கள் வாங்கிப் போயிருப்பார்கள். அதனால் எங்கள் துறையில் வைக்கோல்தான் வழக்கம். வைக்கோலை நறுக்கிக் கொதிக்கவைத்து வடிகட்டி, அந்தக் கஷாயத்தில் கொஞ்சம் சர்க்கரையும் கடற்பாசி அகரும் சேர்த்து, நீராவியில் கிருமி நீக்கித் தட்டில் ஊற்றினால் ஜெல்லி போல உறையும், அதற்குத்தான் மீடியம் என்று பெயர். பூஞ்சைக்குத் தன் வீட்டுச் சாப்பாடு மாதிரி, நன்றாகவே வளரும்.

வைக்கோலைத் தேர்ந்தெடுப்பதில் எங்களுக்கு ஒரு சட்டம் உண்டு. புள்ளி விழுந்த வைக்கோலை உள்ளே விடக் கூடாது. வயல் நோய் ஆய்வகத்துக்குள் வந்துவிடக் கூடாது என்பது என் வழிகாட்டிப் பேராசிரியர் போட்ட சட்டம். கொதியிலும் நீராவியிலும் எந்த நோயும் பிழைக்காது என்பது வேறு விஷயம். சுத்தம் என்றால் சுத்தம். நான் அவரையும் மிஞ்சினேன். ஒவ்வொரு தாளாகத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, கண் வடிவத்தில் ஒரு சின்னப் புள்ளி இருந்தாலும் வெளியே எறிந்துவிடுவேன். பக்கத்து மேசையில் நிலக்கடலைப் பூஞ்சையில் ஆராய்ச்சி செய்த மேலப்பாளையத்துத் தோழி, "ஏட்டி, மாப்பிள்ளை பாக்கும்போதும் இப்படிப் பாப்பியா?" என்பாள்.

அந்த வருஷம் ஐப்பசியில் நட்டு மாசி பங்குனியில் அறுக்கும் பிசானச் சாகுபடியில் சேரன்மகாதேவி வட்டாரமே குலைநோயில் படுத்துவிட்டது. மார்கழிப் பனி அதற்குத் தோதாக அமைந்தது. புள்ளியில்லாத வைக்கோலுக்கு எங்கே போவது என்று கவலைப்பட்டபோது, என் அக்காள் புருஷன், எங்கள் அத்தான், "நம்ம வைக்கப்படப்புல வந்து பாரு, ஒரு புள்ளி காட்டிரு" என்றார். அவருக்குச் சேரன்மகாதேவியில்தான் வயல். போய்ப் பார்த்தேன். சொன்னது சரிதான். பொன் கம்பி போல வைக்கோல். இரண்டு கட்டு வாங்கி பஸ்ஸின் மேல் போட்டுக் கொண்டுவந்தேன். ஆய்வகத்தில் மிச்சமிருந்த பழைய மீடியத்தை நிறம் மாற்றாத பூஞ்சைக்கு ஒதுக்கினேன். ஒப்பிட்டுப் பார்க்க எப்போதும் அதில் ஒரு தட்டு வேண்டும். புது வைக்கோலில் செய்த மீடியத்தைத் திரிபு தேடுவதற்கு வைத்துக்கொண்டேன்.

திரிபு உண்டாக்குவதற்குப் புற ஊதா விளக்குதான் ஆயுதம். வித்துகளைத் தண்ணீரில் கரைத்து, அந்த விளக்கின் கீழ் கொஞ்ச நேரம் காட்டினால் பெரும்பாலானவை செத்துப்போகும். பிழைத்தவற்றில் எங்காவது ஒன்றில் நமக்கு வேண்டிய மரபணு கெட்டிருக்கும். ஆயிரத்தில் ஒன்று, பல்லாயிரத்தில் ஒன்று என்றுதான் எதிர்பார்க்க வேண்டும். புது வைக்கோல் வருவதற்கு முன்பே பல மாதங்களாகக் காட்டிக்கொண்டிருந்தேன். கறுப்பு, கறுப்பு, கறுப்பு.

சித்திரை மாதத்தில் ஒரு காலையில் தட்டுகளைத் திறந்தேன். சிவப்பு. ஒன்றல்ல, இரண்டல்ல. தட்டு தட்டாகச் செம்பழுப்பு வட்டங்கள், செங்கல்லைப் பொடித்துத் தூவின நிறத்தில். நான் சத்தம் போட்டுச் சிரித்தேன். தோழி ஓடிவந்து பார்த்தாள். பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இங்க பாரும்மா, இது சாதாரண விஷயம் இல்ல" என்றார். "நம்ம ஊர்ப் பூஞ்சைக்கு இப்படி ஒரு குணம் இருக்குன்னு உலகத்துல யாருக்கும் தெரியாது."

தோழி மட்டும் போகிற போக்கில், "எல்லாமே செவந்துட்டா? நமக்கெல்லாம் ஒண்ணு கிடைக்கவே நாக்கு தள்ளுது" என்றாள். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். ஆசை யாரை விட்டது?

அந்தத் தட்டுகளுக்கு நடுவில் வெள்ளை வட்டம் ஒன்றும் இருந்தது. பேராசிரியர் அதைக் கலப்படம் என்று தூக்கிப் போடச் சொன்னார். வெள்ளைப் பூசணம் காற்றில் ஆயிரம் வரும், அவர் சொன்னதில் தப்பில்லை. நான் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். வித்துகள் பேரிக்காய் வடிவத்தில், உள்ளே மூன்று அறையாக இருந்தன. குலைநோய்ப் பூஞ்சையின் சாடை அது. நிறம் போனாலும் சாடை போகவில்லை. அதைத் தனியாக ஒரு குழாயில் எடுத்து வைத்தேன். சிவப்புகளில் முப்பதுக்கும் மேல் எடுத்து எண் கொடுத்தேன்.

பேராசிரியருக்குக் கால் தரையில் பாவவில்லை. வெளியூரில் பூஞ்சை மரபியலில் பெரிய பெயர் எடுத்த ஓர் அறிஞருக்கு எழுதிவிட்டார். என் ஆய்வேட்டைப் பரிசோதிப்பதற்காகப் பேராசிரியர் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பவிருந்த பெயர்களில் அந்த அறிஞரும் ஒருவர். அவர் திருச்செந்தூருக்குக் குடும்பத்தோடு வருகிறார், வருகிற வழியில் நம் ஆய்வகத்தைப் பார்க்கிறார் என்று பதில் வந்தது. வருகை ஆவணியில். முப்பது திரிபுகள் இருக்கின்றன என்று பேராசிரியர் ஏற்கெனவே எழுதியிருந்தார்.

ஆனியில் புதிய தட்டுகள் போடலாம் என்று பார்த்தால் வைக்கோல் தீர்ந்துவிட்டது. சேரன்மகாதேவிக்குச் சொல்லியனுப்பினேன். அத்தான் படப்பைக் கேரளா லாரிக்கு ஏற்றிவிட்டாராம். பக்கத்து வயல்காரர் வைக்கோலை யாரும் சீந்தவில்லை, அது கிடந்தது. புள்ளி விழுந்த வைக்கோல். வேறு வழியில்லாமல் அதைக் காய்ச்சினேன். கூடுதலாக ஒரு முறை நீராவியில் வைத்து என் மனசாட்சியைச் சமாதானப்படுத்தினேன். எல்லாச் சிவப்பையும் புதிய தட்டுகளுக்கு மாற்றினேன்.

நாலைந்து நாளில் பார்க்கிறேன், எல்லாம் கறுத்துக்கொண்டு வருகின்றன.

என் கோபம் முதலில் தோழியின் பக்கம் திரும்பியது. "என் தட்டை யாரு தொட்டது?" என்றேன்.

"உன் தட்டைத் தொட்டா நீ கையை ஒடிச்சிருவன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள் அவள். வந்து பார்த்தாள். தட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "ஏட்டி, போன தடவ காய்ச்சின மீடியம் ஏதாவது மிச்சம் இருக்கா?"

அவள் கேட்ட கேள்வி எனக்கும் அதே நொடியில் தோன்றிவிட்டது. அத்தான் வைக்கோலில் செய்த மீடியம் ஒரு குப்பியில் அடியில் கிடந்தது. அதை உருக்கித் தட்டில் ஊற்றி, விளக்கையே காணாத சுத்தமான கறுப்புப் பூஞ்சையை வைத்தேன். நடுநிலையாக இன்னொரு மீடியம் வேண்டும். தோழியின் அண்ணன், அவள் வாயில் காக்கா, சவுதியிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தார், ஓட்ஸ் டப்பா ஒன்று கொண்டுவந்திருந்தார். "அவருக்கு வச்சிருந்தது. உன் பூசணம் தின்னுட்டுப் போகட்டும்" என்று டப்பாவை அப்படியே கொண்டுவந்து கொடுத்தாள். ஓட்ஸிலும் அதே பூஞ்சையை வைத்தேன்.

ஓட்ஸில் கறுப்பு. புள்ளி விழுந்த வைக்கோலில் கறுப்பு. அத்தான் வைக்கோலில் சிவப்பு. விளக்குக்கும் அந்தச் சிவப்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அன்றைக்கே பஸ் ஏறினேன். பேட்டை, பத்தமடை என்று ஒவ்வோர் ஊரிலும் நின்று நின்று போனது அந்த பஸ். எனக்கு இறங்கி ஓடலாம் போல இருந்தது. அத்தான் கார்ப் பருவ நடவு முடிந்த வயலில் வரப்பு வெட்டிக்கொண்டு நின்றார்.

"அத்தான், போன பிசானத்துல வயலுக்கு மருந்து அடிச்சீங்களா?"

"அடிக்காம?" என்றார். "ஊரே படுத்துட்டு. நம்ம வயல் மட்டும் எப்படிப் பச்சைப்பசேல்னு நின்னுச்சுன்னு நெனச்ச? ரெண்டு தடவ அடிச்சேன்."

"என்ன மருந்து?"

மருந்துப் பையை மோட்டார் அறையில் ஆணியில் மாட்டி வைத்திருந்தார். எடுத்துப் பார்த்தேன். ட்ரைசைக்ளசோல். குலைநோய்ப் பூஞ்சையில் மெலனின் செய்யும் நடுப்படி ஒன்றை மறிக்கிற மருந்து அது. அதைப் பற்றி என் ஆய்வேட்டின் முன்னுரைக்கு ஒரு முழுப் பத்தி எழுதி வைத்திருந்தேன். பயிருக்குள் ஏறி வைக்கோலில் தங்கி, என் கொதியையும் நீராவியையும் தாண்டித் தட்டுக்கு வந்து, என் பூஞ்சையைச் சிவப்பாக்கி எனக்கே வேடிக்கை காட்டியிருக்கிறது.

"இதை ஏன் எங்கிட்ட சொல்லலை?" என்றேன்.

"நீ புள்ளியில்லாத வைக்கோல் கேட்ட, குடுத்தேன். மருந்தடிக்காத வைக்கோலா கேட்ட?" என்றார் அத்தான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏதும் கெட்டுப் போச்சா தாயி?" என்று கேட்டார்.

அந்த வருஷம் அந்த வட்டாரத்தில் புள்ளி விழாத வைக்கோல் என்றாலே மருந்தடித்த வைக்கோல்தான். அதைத் தேடிப் பிடித்து, தாள் தாளாக வெளிச்சத்தில் பார்த்து வாங்கிவந்தது நான். சுத்தம் பார்க்காத ஆய்வகமாக இருந்திருந்தால் இந்த வினை வந்திருக்காது. இதை என் தப்பு என்று இன்றைக்கும் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். எங்கள் ஆசாரம் எங்களைக் கவிழ்த்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதேன். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த மாதிரி இருந்தது. பத்தமடை வரைக்கும் அழுகை. அதற்குப் பிறகு யோசனை வந்துவிட்டது. மருந்து வேலை செய்வது நடுப்படியில். முதல் படியே கெட்டால்தான் வெள்ளை. அப்படியென்றால் மருந்தால் வெள்ளை வராது. குழாயில் இருக்கும் வெள்ளை மருந்துக்குப் பிறந்தது அல்ல.

மறுநாள் ஆய்வகத்துக்குப் போனதும் கறுத்த தட்டுகளை மறுபடி வரிசையாக அடுக்கினேன். முந்தின தடவை கோபத்தில் சரியாகப் பார்க்கவில்லை. எல்லாம் கறுத்திருந்தன, ஒன்றைத் தவிர. அது ரோஜா இதழ் வாடினாற்போல ஓர் இளஞ்சிவப்பில் அப்படியே நின்றது. அதை ஓட்ஸுக்கு மாற்றினேன். அங்கேயும் இளஞ்சிவப்பு. மறுபடி மாற்றினேன், மறுபடியும் அதே நிறம். மருந்து கொடுத்த சிவப்பு சோறு மாறினால் போய்விடும். மரபணுவில் எழுதின சிவப்பு எந்த வீட்டில் போட்டாலும் சிவப்புதான். மருந்துக் கூட்டத்துக்குள் ஒரே ஓர் உண்மையான திரிபு ஒளிந்துகொண்டிருந்திருக்கிறது.

பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கெட்டவர் அல்ல அவர். முப்பது என்று எழுதிவிட்டார், அதுதான் அவரை உறுத்தியது.

"அவர் கொஞ்ச நேரந்தானம்மா இருப்பார்" என்றார். "அந்தப் பழைய தட்டுகளையே காட்டிருவோம். அவர் என்ன, மாத்தி வளர்த்தா பாக்கப் போறார்?"

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கச் சொல்லுதீங்களே சார்" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. "அவருக்குத் தெரியாட்டியும் எனக்குத் தெரியும்லா. என் பேர்லதானே ஆய்வேடு வரும்?"

"ரெண்டை வச்சு என்ன ஆய்வேடு எழுதுவ?"

"எழுதிக் காட்டுதேன்."

சொல்லிவிட்டு வெளியே வந்த பிறகுதான் எப்படி எழுதுவது என்று யோசித்தேன். வெள்ளையிலும் சிவப்பிலும் கெட்டது வேறு வேறு மரபணு என்று காட்ட வேண்டும். முறையான வழி, இரண்டையும் கலப்பு செய்து பிள்ளைகளைப் பார்ப்பது. நெல்லில் வாழும் இந்தப் பூஞ்சை கல்யாணத்துக்கு லேசில் சம்மதிக்காது. முன்பே ஒரு தடவை கேழ்வரகிலிருந்து பிடித்த பூஞ்சையைக் கொண்டுவந்து ஜோடி சேர்த்துப் பார்த்தும் எனக்குப் பல மாதம் வீணானதுதான் மிச்சம். அதனால் வேறு வழி பிடித்தேன்.

வெள்ளையின் வீட்டில் மாவே இல்லை, ஆனால் அடுப்பும் கல்லும் நன்றாக இருக்கின்றன. சிவப்பின் வீட்டில் மாவு வழிகிறது, கல் உடைந்துவிட்டது. இரண்டையும் அடுத்தடுத்துக் குடிவைத்தால், சிவப்பின் வீட்டிலிருந்து வழியும் மாவை வாங்கி வெள்ளை தோசை சுட வேண்டும். அதாவது, சிவப்பின் பக்கம் இருக்கும் ஓரத்தில் வெள்ளை கறுக்க வேண்டும். கறுத்தால் இரண்டும் வேறு வேறு படியில் கெட்டவை. கறுக்கவில்லையென்றால் எனக்குப் பேச ஒன்றுமில்லை.

ஓட்ஸ் தட்டில் இரண்டையும் எதிரெதிரே வைத்தேன். தினமும் காலையில் வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அதைத்தான் பார்ப்பேன். வளர்ந்தன, நெருங்கின. வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. தோழி, "பைய வரும்ட்டி, முறைச்சுப் பாத்தா பயந்து போயிரும்" என்பாள். வட்டங்கள் தொட்டுக்கொள்ளும் தூரத்துக்கு வந்த அன்று, வெள்ளையின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கீற்று தெரிந்தது. பேராசிரியர் அழுக்கு என்றார். அடுத்த நாள் அது மை தீட்டினதைப் போலக் கறுத்து நின்றது. அவரே என்னை அழைத்து, "அழுக்கு இல்லம்மா" என்றார். தோழியைக் கட்டிக்கொண்டு குதித்தேன்.

குதித்து முடித்த பிறகு சந்தேகம் வந்தது. வைக்கோல் ஒரு தடவை சூடு போட்டிருந்தது. கறுத்த ஓரத்திலிருந்து ஒரு துண்டை வெட்டி, தனித் தட்டில் ஓட்ஸில் வளர்த்தேன். வெள்ளையாகத்தான் வந்தது. பக்கத்து வீட்டு மாவில் சுட்ட கறுப்பு, இடம் மாறினதும் போய்விட்டது. மரபணு மாறவில்லை. அந்தத் தட்டையும் பத்திரப்படுத்தினேன். நெல் நாற்றுகளிலும் தெளித்துப் பார்த்தேன். கறுப்புப் பூஞ்சை இலையெல்லாம் கண் கண்ணாகப் புள்ளி போட்டது. வெள்ளையும் சிவப்பும் ஒரு புள்ளிகூடப் போடவில்லை. இலையை ஊசியால் குத்திவிட்டு வைத்தபோது இரண்டுமே உள்ளே புகுந்து நோய் செய்தன. அவற்றுக்குப் பசி குறையவில்லை, கதவை உடைக்கும் பலம்தான் இல்லை.

ஆவணியில் அந்த அறிஞர் வந்தார். மெலிந்த மனிதர், நெற்றியில் விபூதி, கையில் பிரசாதப் பை. பேராசிரியர் காபி கொடுத்து உபசரித்து, என்னை அறிமுகம் செய்து, "நிறைய மியூட்டன்ட்ஸ் வச்சிருக்கா" என்றார். பழக்கதோஷம்.

"ரெண்டுதான் சார்" என்றேன் நான். "மத்ததெல்லாம் மருந்து."

பேராசிரியர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் தட்டுகளை வரிசையாக வைத்தேன். மருந்து வைக்கோலில் சிவந்த சாதாரணப் பூஞ்சை முதலில். அதே பூஞ்சை ஓட்ஸில் கறுத்தது அடுத்து. எப்படி ஏமாந்தோம் என்று ஒளிக்காமல் சொன்னேன். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் வெள்ளையும் சிவப்பும் எதிரெதிரே வளர்ந்த தட்டைக் கொடுத்தேன். அவர் அதை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்க் கவிழ்த்து, அடிப்பக்கமாகப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். என் வாழ்க்கை முழுவதும் அந்தத் தட்டில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

"இந்தக் கறுப்பு, ரெண்டும் கலந்து உண்டான புது ஆளா இருந்தா?" என்று கேட்டார்.

நான் கறுத்த ஓரத்திலிருந்து வளர்த்த தட்டைக் கொடுத்தேன். பளிச்சென்று வெள்ளை. அவர் இரண்டு தட்டையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு மாறிமாறிப் பார்த்தார். மேசையில் வைக்கும்போது மூடி சத்தம் போடாமல் வைத்தார்.

"இந்த ரெண்டையும் எனக்கு ஒரு ட்யூப்ல போட்டுத் தரீங்களா?" என்றார்.

பூஞ்சை ஆராய்ச்சிக்காரர்களிடம் இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. வேண்டாத பூஞ்சையை யாரும் பிரசாதப் பையோடு சேர்த்துச் சுமந்துகொண்டு ஊருக்குப் போகமாட்டார்கள். பேராசிரியர் அதற்குள் குளிர்பெட்டியைத் திறக்கப் போய்விட்டார். எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் இரண்டும் சேர்ந்து போனால் என் ஆய்வேட்டுக்கு முன்னால் அவருடைய கட்டுரை வந்துவிடலாம், வாய் சும்மா இருக்கவில்லை.

"வெள்ளையை இப்பவே தாரேன் சார்" என்றேன். "சிவப்பு, ஆய்வேடு கொடுத்த பிறகு."

பேராசிரியர் குளிர்பெட்டியின் கதவைப் பிடித்தபடி நின்றுவிட்டார்.

"வெள்ளையை மட்டும் வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" என்றார் அந்த அறிஞர்.

"ஒண்ணும் பண்ண முடியாது சார். அதுக்குத்தான்."

அவர் என்னை முதல் தடவையாக நேராகப் பார்த்தார். பிறகு நான் நீட்டிய வெள்ளைப் பூஞ்சைக் குழாயைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பேராசிரியர் பக்கம் திரும்பினார்.

"சிவப்பு ஆய்வேட்டோடயே என்கிட்ட வரட்டும்" என்றார். "ஆய்வேட்டை வேற யாருக்கும் அனுப்பாதீங்க. நானே பாக்கறேன்."

அவருடைய கார் கல்லூரி வாசலைத் தாண்டும்வரை பேராசிரியரும் நானும் வெளியே நின்றோம். நான் உள்ளே வந்து குளிர்பெட்டியைப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டேன்.